கடுகுப் பை, அரைக்கிலோ சிலிக்கான், வயித்துச் சதை: ஒரு தையக்காரி போட்ட கணக்கு

மொதல்லயே ஸ்டார் சொல்லிடுதேன், அஞ்சுக்கு நாலு. கொறச்ச அந்த ஒண்ணு வேர்வைக்கு, வேற ஒண்ணுக்கும் இல்ல.

பொருள் என்னன்னா சிலிக்கான் மாரு. ஆஸ்பத்திரியில ப்ராஸ்தெசிஸ்னு சொல்லுவாவ, பிராவுக்குள்ள வச்சுப் போடுறது. கூட பாக்கெட் வச்ச பிரா ரெண்டு, பாக்கெட்டுன்னா அந்த மாரு நழுவாம சொருகி வைக்க பிராவுக்கு உள்பக்கம் தச்ச பை. வாங்கி ரெண்டே கால் வருஷம் ஆச்சு, தெனமும் காலைல எட்டு மணிக்குப் போட்டா ராத்திரி கட ஷட்டர் போடுறவரைக்கும் எனக்க மேலதான் கெடக்கும், அதனால நாலு நாள் பாத்துட்டு எழுதுற ரிவியூ இல்ல இது. நான் தக்கல பக்கம் ப்ளவுஸ் தைக்கேன், பத்தொம்பது வருஷமா. 45 வயசுல இடது பக்கம் கேன்சர்னு மார எடுத்தாச்சு, அதுக்கு முன்னாடி கீமோ, அதுக்குப் பொறவு இரணியல்ல பாசஞ்சர் ஏறி திருவனந்தபுரம் போய் ரேடியேஷன், இப்ப மாத்திரை ஓடுது. ஊரு பொம்பளைங்களுக்க நெஞ்சளவு பூரா நோட்டுல எழுதி வச்சிருக்கிறவளுக்கு சொந்த நெஞ்சளவு வலது பக்கம் ஒம்பதரை இடது பக்கம் ஏழரைன்னு வந்தா எப்படி இருக்கும், யோசிச்சுப் பாருங்க. மொத தடவ டேப்ப அப்படியே கீழ போட்டுட்டேன்.

வாங்குறதுக்கு முன்னாடி நானும் தமிழ்ல தேடித் தேடிப் பாத்தேன். ஒருத்தரு பொண்டாட்டிக்கு வாங்கிட்டு "நல்ல பொருள், பேக்கிங் சூப்பர், டெலிவரி லேட்"னு எழுதியிருக்காரு. பேக்கிங் சூப்பராம். சவம், அத போட்டுட்டு குனிஞ்சா என்ன ஆவும், பஸ்சுல கம்பியப் புடிச்சா என்ன ஆவும், ஒருத்தரும் எழுதல. அதான் நான் எழுதுதேன், கொஞ்சம் நீளமாத்தான் வரும்.

மொத எனக்குக் கெடச்சது கடுகுப் பை. ஆஸ்பத்திரியில பெட்டு பக்கத்துல கெடந்த ஒரு சேச்சி சொல்லித் தந்தா, காட்டன் துணியில கிண்ணம் மாதிரி தச்சு உள்ள பஞ்சும் கடுகும் வச்சு மூடிரணும், கனம் இருக்கும், மேல ஏறாதுன்னு. நமக்குத் தைக்கிறதுக்கா சொல்லித் தரணும், வீட்டுக்கு வந்து பத்தாம் நாளே ட்ரெயின் எடுத்த கையோட தச்சுட்டேன், ட்ரெயின்னா ரயில் இல்ல, விலாப்பக்கம் தொங்க விட்டுருந்த அந்த ட்யூப். அப்ப புண்ணு ஆறல, அதனால வெறும் பஞ்சு மட்டும். ரேடியேஷன் முடிஞ்சு தோலு கருத்து உரிஞ்சு ஆறுற வரைக்கும் அதும் இல்ல, மேல லூசா நைட்டி, அவ்வளவுதான். ரேடியேஷன் நடக்கும்போது அந்த எடத்துல எதையும் உரச விடாதீங்க, இத எனக்கு அங்க டெக்னீஷியன் பிள்ள தெளிவா சொல்லித் தந்தா.

பொறவு கடுகு வச்சேன். இங்கதான் தையக்காரி மூள வேல செய்யுது, எவ்வளவு கடுகுன்னு எப்படித் தெரியும்? மிச்சம் இருக்க மாரு என்ன எடையோ அந்த எட இருந்தாத்தான் தோளு சாயாது. தராசுல வைக்கவா முடியும். நான் என்ன பண்ணினேன்னா கதவச் சாத்திட்டு சருவத்துல தண்ணிய வாய் வரைக்கும் நெறச்சு, அத பெரிய தாம்பாளத்துக்குள்ள வச்சு, மேல குனிஞ்சு வலது மார உள்ள முக்கினேன். தாம்பாளத்துல வழிஞ்ச தண்ணிய எண்ண அளக்குற படியில அளந்தா 520 மில்லி. மாரு தண்ணிய விட பெருசா கனமும் இல்ல லேசும் இல்ல, அதனால 520 கிராம்னு வச்சுக்கலாம். எனக்க மாமி வெளிய இருந்து "உள்ள என்னட்டீ தண்ணி கோருத சத்தம்"னு கேட்டாவ. என்னத்தச் சொல்ல.

ஆனா 520 கிராம் கடுகு வச்சா பை தேங்கா மாதிரி ஆயிப்போச்சு, கடுகு மணிக்கு மணி நடுவுல காத்து இருக்குல்ல, எடைய சரி பண்ணினா சைஸ் பெருசாவுது, சைஸ சரி பண்ணினா எட கொறையுது. நடுவுல ஒரு கணக்குக்கு வந்து 350 கிராம்ல நிறுத்தினேன். ஒரு மூணு மாசம் அதுதான் ஓடிச்சு. வேர்வ பட்டு ஒரு நாள் பையில இருந்து ஒரு மாதிரி வாட, பிரிச்சா கடுகுல பூஞ்ச. வெயில்ல காய வச்சா மொற்றத்துல கோழி.

அதுக்கு முடிவு வந்தது சர்ச் அசனத்துலதான், எல்லாருக்கும் பந்தி போட்டு சாப்பாடு போடுற விருந்து அது. பந்தி பரிமாற ஆளு கொறையுதுன்னு என்னையும் கூப்பிட்டாவ, நானும் ஒடம்பு சரியாயிட்டுன்னு காட்டணும்ல, சாம்பார் வாளிய எடுத்துட்டு வரிசையா குனிஞ்சு குனிஞ்சு ஊத்திட்டே வாறேன், நாலாவது எலையில பை சறுக்கி பிராவுக்கு மேல ஏறி ப்ளவுஸ் கழுத்து பக்கம் வந்து நிக்குது. இலைக்கு முன்னாடி இருந்த பாட்டி அப்படியே பாத்துட்டு "முந்தானைய இழுத்து விடு மக்களே"ன்னு மெதுவா மட்டும் சொன்னாவ. வாளிய கீழ வச்சுட்டு வீட்டுக்குப் போயிட்டேன். அன்னைக்கு ராத்திரிதான் காசு போனா சாரமில்ல, சிலிக்கான் வாங்கிருவோம்னு நெனச்சது.

இப்ப அந்த கட. ஒரு பெரிய ஊருல, பேரு சொல்லல, மருந்துக்கட மாதிரி இருக்கும், இடுப்பு பெல்ட் முட்டி பெல்ட்டோட இதையும் விக்காவ. ட்ரையல் ரூமும் கெடையாது பெண் ஸ்டாஃபும் கெடையாது. பையன் ஒருத்தன், வயசு இருபத்தஞ்சு இருக்கும், என்னை நேரா பாக்காம செவத்தப் பாத்துட்டே "சைஸ் சொல்லுங்க மேடம்"ங்கான். பிரா சைஸ் சொன்னா டப்பாவ எடுத்து வச்சுட்டான். வீட்டுல வந்து பாத்தா வலது பக்கத்துக்கு உள்ளது. ஆமா, நெறைய மாடல்ல இடது வலது உண்டு, கக்கத்துப் பக்கம் வால் மாதிரி நீண்டு வாற ஷேப்புல வலது பக்கத்தத இடது பக்கம் வச்சா வால் நடு நெஞ்சுல நிக்கும். "ஹைஜீன் ஐட்டம் ரிட்டன் இல்ல"ன்னு சொல்லிட்டான். எனக்க வீட்டுக்காரரு சண்ட புடிச்சு பாதி காசு வாங்கிட்டு வந்தாரு. அந்த கடைக்கு ஸ்டாரே கெடையாது.

ரெண்டாவது வாங்கினது இப்படி வேற பொம்பளைங்களுக்கு அளவெடுத்துக் குடுக்குற ஒரு அம்மாகிட்ட. அவியளே மார எடுத்தவிய. முக்கா மணி நேரம் மூணு மாடல் போட்டு, கைய தூக்கச் சொல்லி, குனியச் சொல்லி, உக்காரச் சொல்லி, எனக்க சேலையவே கட்டச் சொல்லி பாத்தாவ. 6,500 ரூவா, பிரா ஒண்ணு 900. ஒரே அளவுல லேசான மாடலும் உண்டு, கால்வாசி எட கொறைவு, எங்க ஊரு சூட்டுக்கு அது நல்லதுன்னு சொன்னாவ, நான் பிடிவாதமா எனக்க 520 கிராம் கணக்குல நின்னு கனமானத எடுத்தேன். இப்ப யோசிச்சா ஒரு லேசானதும் எடுத்துருக்கலாம். ஆப்ரேஷன் முடிஞ்ச ஒடனே இத வாங்காதீங்க, ஆறு எட்டு வாரமாவது ஆவணும், வீக்கம் வத்தி தழும்பு ஆறுனாத்தான் அளவே நிக்கும், அதுவரைக்கும் பஞ்சோ நூல்ல பின்னினதோ போதும்.

பொருளப் பத்தி. காலைல எடுக்கும்போது ஃப்ரிஜ்ஜுல வச்ச மாவு மாதிரி ஜில்லுன்னு இருக்கும், கா மணி நேரத்துல ஒடம்புச் சூட்டுக்கு வந்துரும். நடந்தா வலது பக்கம் எப்படி ஆடுதோ அப்படியே ஆடும், இதுதான் கடுகுக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசம். ஒன்றரை மாசத்துல கழுத்து வலி கொறஞ்சுச்சு. மிஷின்ல உக்காந்து தைக்கும்போது நான் அறியாம இடது தோள ஏத்தி வச்சுட்டு இருந்துருக்கேன், ஒரு பக்கம் கனம் இல்லன்னா ஒடம்பு அப்படித்தான் கோணும்னு பிசியோ மேடம் சொன்னாவ, அது நேராச்சு.

வேர்வ பத்தி சொல்லித்தான் ஆவணும். மார்ச் ஏப்ரல்ல மத்தியானம் கரண்டு போனா உள்ள குளம். சிலிக்கானுக்கும் தோலுக்கும் நடுவுல காத்து போவ வழி இல்ல, ரேடியேஷன் பட்ட தோலு வேற, வேர்க்குரு வந்து புண்ணாயி ஒரு வாரம் போடாம இருந்துருக்கேன். பாக்கெட் துணி காட்டனா இருந்தா பாதி தப்பிக்கலாம், கம்பெனி பிராவுல உள்ளது வழவழன்னு நைலான் கலந்தது, அத பிரிச்சு எறிஞ்சுட்டு பனியன் துணியில நானே மாத்தித் தச்சேன். ராத்திரி கழட்டி சாதா சோப்புல கழுவி துடச்சு அதோட வந்த டப்பாவுல அந்த குழியில வைக்கணும், சும்மா அலமாரியில போட்டா ஷேப்பு போயிரும்.

அடுத்து ஊக்கு. இத யாரும் சொல்லல. சேல கட்டுற நம்ம ஊருல முந்தானைக்கு ஊக்கு, ப்ளீட்டுக்கு ஊக்கு, தையக்காரின்னா நெஞ்சுலயே நாலு குண்டூசி குத்தி வச்சிருப்போம், கைக்கு எட்டுற எடம் அதான. சிலிக்கானுக்கு மேல இருக்குறது மெல்லிசு ஒற, ஊசி எறங்குனா உள்ள உள்ள ஜெல்லு மெதுவா கசியும். உணர்ச்சி இல்லாத எடம், குத்துனாலும் தெரியாது. நான் குண்டூசி குத்துற பஞ்ச இப்ப வலது கை மணிக்கட்டுல கட்டியிருக்கேன். இடது கையில கட்டுறதுதான் வழக்கம், ஆனா இடது கக்கத்துல நெணநீர் கட்டி எடுத்ததுனால அந்தக் கையில ஊசி குத்தவோ இறுக்கிக் கட்டவோ கூடாதுன்னு சொல்லியிருக்காவ, கை வீங்கிரும். அதே காரணத்துக்குத்தான் பிரா பட்டையும் அகலமா இருக்கணும், நூலு மாதிரி பட்டையில அரக்கிலோவ தொங்க விட்டா தோளுல பள்ளம் விழும்.

ப்ளவுஸ் தைக்கிறவிய யாராவது இத வாசிச்சா அவியளுக்கு ஒண்ணு ரெண்டு. கட்டோரி கட்டிங் வேண்டாம், ரெண்டு கிண்ணமும் அப்படியே கோடு போட்டுக் காட்டிரும். ப்ரின்சஸ் கட் கொள்ளாம். கழுத்து ஒரு இஞ்சு ஏத்திப் போடுங்க, கைக்குழி பக்கம் அர இஞ்சு ஒசத்துங்க, ஏன்னா கக்கம் பக்கத்துல சத எடுத்த எடம் பள்ளமா இருக்கும், துணி நொய்யின்னு நிக்கும். முந்தான இடது தோளுலதான் போவுதுன்னாலும் பக்கவாட்டுல பாத்தா வெளிய தெரியிறது இடது பக்க ப்ளவுஸ்தான், அதனால இடது எடுத்தவியளுக்கு இன்னும் கவனமாப் பாருங்க. அளவெடுக்கும்போது ரெண்டு பாதியையும் தனித்தனியா நடுவுல இருந்து எடுங்க, சுத்தளவ ரெண்டால வகுக்காதீங்க.

இப்ப எல்லாரும் கேக்குற கேள்விக்கு வாறேன். "இவ்வளவு கஷ்டத்துக்கு ஆப்ரேஷன் பண்ணி புதுசா வச்சுரலாம்ல?" வைக்கலாம். நானும் போய்க் கேட்டேன். ஆனா எனக்கு இதுல ஒரு கோவம் இருக்கு. மார எடுக்குற ஆப்ரேஷனுக்கு முன்னாடி நாள் என்கிட்ட நாலு பேப்பர்ல கையெழுத்து வாங்குனாவ, ஒரு பேப்பர்ல கூட திரும்ப உண்டாக்குறத பத்தி ஒரு வரி இல்ல. ஆஸ்பத்திரி பேரு வேண்டாம், உயிரக் காப்பாத்துனாவ, அது வேற. ஆனா சில பேருக்கு தோல மிச்சம் வச்சு உள்ள உள்ளத மட்டும் எடுத்து அதே மயக்கத்துலயே புதுசு வைக்க முடியும், அதுக்கு எடுக்குறதுக்கு முன்னாடியே பேசியிருக்கணும், எடுத்து தோல இழுத்துத் தச்சுப் போட்ட பொறவு பேசுறதுல அந்த வழி அடஞ்சு போச்சு. எனக்கு அது ஒத்து வந்துருக்குமோ என்னவோ, கேட்டுருக்கலாம்ல. துணிய வெட்டுறதுக்கு முன்னாடி மாடல் என்னன்னு கேக்காத தையக்காரிகிட்ட ரெண்டாவது தடவ யாராவது வருவாளா.

மொத வழி இம்ப்ளாண்ட். 1962ல அமெரிக்கால ஹூஸ்டன்ல ஆரம்பிச்ச சமாச்சாரம், சிலிக்கான் ஒறைக்குள்ள ஜெல்லு, கிட்டத்தட்ட நான் வெளிய போடுறது அவிய உள்ள வைக்காவ. தோலு பத்தலன்னா மொத ஒரு பலூன் வச்சு, எக்ஸ்பாண்டர்னு பேரு, வாரா வாரம் போய் ஊசியில உப்புத்தண்ணி ஏத்தி தோல விரிச்சு, பொறவு இன்னொரு ஆப்ரேஷன்ல மாத்துவாவ. மார்த்தாண்டத்துல இருந்து வாற எனக்க கஸ்டமர் ஒருத்தி அப்படி வச்சிருக்கா. ட்ரையல் பாக்கும்போது அவளே தொட்டுப் பாருங்கக்கான்னு சொன்னா. ப்ளவுஸ் போட்டா ஒண்ணும் தெரியாது, அவ்வளவு அம்சம், ஆனா கொஞ்சம் விறைப்பு, குளிரும். அவளுக்கு நெஞ்சுச் சதைக்கு அடியில வச்சிருக்காவ, அதனால கொடத்த இடுப்புல தூக்கும்போது அது ஒரு துள்ளு துள்ளும், அவளே செஞ்சு காட்டிட்டு சிரிச்சா, நானும் சிரிச்சேன், ரெண்டு பேரும் அப்படி சிரிச்சு ரொம்ப நாளாச்சு. அவளுக்கு ரேடியேஷன் கெடையாது, அதுதான் முக்கியம். ரேடியேஷன் பட்டவியளுக்கு இம்ப்ளாண்ட சுத்தி ஒடம்பு கட்டுற சவ்வு இறுகி கல்லு மாதிரி ஆவுறதுக்கு வாய்ப்பு ஜாஸ்தின்னு டாக்டரே சொன்னாவ. அப்புறம் அது ஆயுசுக்கும் உள்ளதும் இல்ல, இடையில ஸ்கேன் பாக்கணும், என்னைக்காவது மாத்த வேண்டி வரும். 2019 ஜூலைல அலர்கன் கம்பெனி மேல சொரசொரப்பா உள்ள பயோசெல் இம்ப்ளாண்ட்ட உலகம் பூரா திரும்ப எடுத்துச்சு, சுத்தி இருக்க சவ்வுல அபூர்வமா ஒரு வக லிம்ஃபோமா, நெணநீர் கேன்சர், வந்ததுனால. பயமுறுத்த சொல்லல, வச்சவிய கையில ஒரு கார்டு இருக்கும், கம்பெனி பேரு மாடல் நம்பர் எல்லாம் அதுல உண்டு, அத பத்திரமா வையுங்க. மார்த்தாண்டத்துக்காரி கார்ட பீரோவுல நக டப்பாவோட வச்சிருக்கா.

ரெண்டாவது எல்டி ஃப்ளாப். ஃப்ளாப்னா ஒடம்புல வேற எடத்துல இருந்து எடுத்து மாரு உண்டாக்குறது. இதுல முதுகுல கைக்குழிக்குக் கீழ விரிஞ்சு கெடக்குற சதைய, ரத்தக்குழாய அறுக்காம அதோட சேத்து அப்படியே கக்கம் வழியா முன்னாடி திருப்பி வைக்கிறது. அளவு பத்தலன்னா அதுக்கு அடியில சின்னதா இம்ப்ளாண்ட்டும். அதையும் ஒருத்தவியளுக்கு நான் தச்சுருக்கேன். நெஞ்சு நல்லா வந்துருக்கு, ஆனா பின் பட்டை ரெண்டு பக்கமும் ஒரே அளவா வெட்டுனா ஒரு பக்கம் துணி சுருங்கும், முதுகுல அந்தச் சத போன எடம் தட்டையாயிருக்கு, முக்கா இஞ்சு கொறச்சு வெட்டினேன். கிணத்துல தண்ணி கோரும்போது அந்தக் கை சீக்கிரம் அசந்துருதுன்னு சொன்னாவ, கயிற மேல இருந்து கீழ இழுக்குறதுல அந்தச் சதைக்குத்தான வேல. மோட்டார் இருக்குற வீட்டுல இது ஒரு குத்தமே இல்ல. அவியளுக்கு ஆப்ரேஷனுக்கு முன்னாடி டாக்டரு வீட்டுல கிணறு இருக்கான்னு கேட்டுருக்க மாட்டாரு, அவ்வளவுதான்.

மூணாவது டீப் ஃப்ளாப். எனக்கு இதுதான்னு டாக்டரு சொன்னாரு. திருவனந்தபுரத்துல ஒரு பிளாஸ்டிக் சர்ஜன், சின்ன வயசு, பொறுமசாலி. நிக்க வச்சு வயித்துத் தொப்பைய ரெண்டு கையால புடிச்சுப் பாத்துட்டு, "தாராளமா இருக்கு"ன்னாரு. எனக்க தொப்பைய ஆயுசுல ஒருத்தரு பாராட்டுனது அப்பத்தான். தொப்புளுக்குக் கீழ உள்ள தோலும் கொழுப்பும் ஒரு படகு மாதிரி வெட்டி எடுப்பாவ, அதுக்குள்ள போவுற சின்ன ரத்தக்குழாய சதைக்குள்ள இருந்து உருவி எடுக்கணும், சதைய விட்டுட்டு. முன்னாடியெல்லாம் வயித்துச் சதையையும் சேத்து எடுப்பாவளாம், ட்ராம்னு பேரு, அதுல வயிறு பலம் கொறஞ்சு ஹெர்னியா வாற தொந்தரவு கூடுதல். எந்தக் குழாய் எங்க இருக்குன்னு பாக்க மொத சிடி ஆஞ்சியோ. ரெண்டு புள்ளையும் சிசேரியன், அந்தத் தழும்பு இருக்கேன்னு கேட்டேன், கீழ குறுக்க உள்ள தழும்புன்னா பொதுவா தடை இல்லன்னாரு.

வெட்டி எடுத்தத நெஞ்சுல வச்சு, விலா எலும்புப் பக்கத்துல உள்ள குழாயோட இதுக்க குழாய மைக்ராஸ்கோப் வச்சுத் தைக்கணும். இந்த எடத்துல நான் நோயாளிங்கிறதையே மறந்துட்டேன். "நூலு என்ன நம்பர் டாக்டர்?"னு கேட்டேன். அவரு ஒரு நிமிஷம் முழிச்சுட்டு, ஒம்பது சீரோ நைலான், சில நேரம் பத்து சீரோ, சீரோ கூடக் கூட நூலு மெலியும்னாரு. தலமுடிய விட மெல்லிசாம். குழாய் விட்டம் ரெண்டு மூணு மில்லிமீட்டர், அதச் சுத்தி எட்டு பத்து தையல், ஒரு தையல்ல பின்பக்கச் சுவரையும் சேத்துப் புடிச்சுட்டா குழாய் அடஞ்சு போவும். நாம கைக்குழாய்க்கு பட்டி வைக்கும்போது அடித்துணியையும் சேத்து அடிச்சுட்டு பிரிப்போம்ல, அதே. ஆனா அங்க பிரிச்சுத் தைக்க நேரம் கெடையாது. எனக்க தொழில்ல எனக்கு ரொம்ப கர்வம் உண்டு, அன்னைக்கு அந்த ரூமுல கொஞ்சம் எறங்குச்சு.

மத்த விவரமும் மறைக்காம சொன்னாரு. எட்டு மணி நேரம் போல ஆப்ரேஷன். மொத ஒண்ணு ரெண்டு நாள் மணிக்கொரு தடவ நர்ஸ் வந்து நெறம், சூடு, ரத்த ஓட்டச் சத்தம் பாப்பாவ, எங்கயாவது கட்டிச்சுன்னா அப்பவே திரும்ப தியேட்டர். நூறு பேருல ஒண்ணு ரெண்டு பேருக்கு மொத்தமும் போயிரும். உணர்ச்சி பழைய மாதிரி வராது, காம்பு வேணும்னா அது பொறவு தனியா, அதுலயும் நெறத்துக்கு பச்ச குத்துற மாதிரி ஒண்ணு. நான் போடுற மாத்திரை ரத்தம் கட்ட வைக்கிற ரகம், அத சில வாரம் முன்னாடி நிறுத்தணுமான்னு கேன்சர் டாக்டர்கிட்ட பேசணும். ரேடியேஷன் முடிஞ்சு ஆறு மாசத்துல இருந்து ஒரு வருஷமாவது விடணும், எனக்கு அது ஆயிட்டு. நல்லது என்னன்னா சூடான மாரு, சொந்தச் சத, மாத்த வேண்டாம், ஊக்கு குத்துனாலும் ஒழுவாது. நான் எட கூடுனா அதுவும் கூடும், வயித்துக் கொழுப்புதான அது, எங்க இருந்தாலும் குணத்த விடாது.

காசு நாலு லட்சத்துக்கு மேல சொன்னாவ. அங்க இன்சூரன்ஸ் டெஸ்க்குல ஒரு பிள்ள எனக்க ஃபைல தொறக்காமலே "இது காஸ்மெடிக், கிளெய்ம் வராது"ன்னுட்டா. எனக்க வீட்டுக்காரரு அப்ப ஒண்ணும் பேசல, வீட்டுக்கு வந்து பாலிசி புஸ்தகத்த மொத பக்கத்துல இருந்து வாசிச்சாரு. எக்ஸ்க்ளூஷன் 08னு ஒண்ணு இருக்கு, இன்சூரன்ஸ் கம்பெனிகள கட்டுப்படுத்துற ஐஆர்டிஏஐ வச்ச பொது வாசகம், அழகுக்குப் பண்ணுற பிளாஸ்டிக் சர்ஜரிக்கு பணம் கெடையாது, ஆனா விபத்து, தீக்காயம், கேன்சர் இதுக்கப்புறம் திரும்ப உண்டாக்குறதுக்கு அந்தத் தடை பொருந்தாதுன்னு அதே வரியிலயே இருக்கு. வெயிட்டிங் பீரியடு, தொகைக்கு உள்ள உச்சவரம்பு எல்லாம் தனி, அதையும் பாக்கணும். ஆனா டெஸ்க்குல சொல்லுறத கேட்டுட்டு திரும்பிராதீங்க, அந்தப் பக்கத்த எடுத்துக் காட்டி எழுத்துல கேளுங்க. எங்களுக்கு எழுத்துல அனுமதி கெடச்சு, முழுசும் இல்ல, பெரும்பகுதி.

அப்ப ஏன் பண்ணலன்னு கேப்பீங்க. ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது, வயித்துல இடுப்புக்கு இடுப்பு தையல், குனிஞ்சு துணி வெட்டக் கூடாது. நவம்பர் டிசம்பர் கிறிஸ்மஸ் தையல், ஏப்ரல் மே கல்யாணத் தையல், ஆவணியில ஓணத்துக்கு எல்லைக்கு அந்தப் பக்கத்துல இருந்தும் வருவாவ, நடுவுல மழ. எந்த ஆறு வாரத்த நான் எடுக்க? மழக்காலத்துல எடுக்கலாம்னு ஒரு தடவ ஜூன் மாசத்துக்கு தேதி கூட வாங்கினேன். அந்த வாரம் மகளுக்கு காலேஜ் சேக்குற அலைச்சல், தள்ளிப் போட்டேன். தள்ளிப் போட்டதும் மனசு லேசாச்சு, அப்பத்தான் எனக்கே புரிஞ்சுது நான் அத ஆசப்பட்டது கொஞ்சம், ஊருக்காக கொஞ்சம். வீட்டுக்காரருகிட்ட கேட்டா "ஒனக்கு வேணும்னா பண்ணு, எனக்கு நீ தச்சு முடிச்சு சாப்பிட வந்தா போதும்"னாரு. இத அவரு ரொமான்ஸுன்னு நெனச்சுச் சொன்னாரு.

நாலாவது வழி ஒண்ணு இருக்கு, ஒண்ணும் வைக்காம இருக்குறது. குளச்சல்ல மீன் விக்குற அக்கா ஒருத்தி ரெண்டு பக்கமும் எடுத்தவ, "கூடைய எறக்கி வச்சாலே போதும்னு இருக்கு, இதுல இத வேற சொமக்கவா மக்களே"ன்னு சொல்லிட்டா. ரெண்டு பக்கமும் இல்லாததுனால தோளு சாயுற பிரச்சனையும் இல்ல. அவளுக்கு ப்ளவுஸ் தைக்கிறது எனக்கு ரொம்ப ஈஸி, டாட்டே கெடையாது.

அதனால எனக்க கணக்கு இப்படி நிக்குது. கடையில சிலிக்கான், வீட்டுல பஞ்சு, ஏப்ரல் மத்தியானத்துல ஒண்ணும் இல்ல. ஆப்ரேஷன் ஃபைல் பீரோவுல இருக்கு, டாக்டரு அவசரம் இல்ல, எப்ப வேணும்னாலும் வாங்கன்னு சொல்லியிருக்காரு. வயசு ஐம்பது ஆவுறதுக்குள்ள மனசு மாறலாம். சிலிக்கானுக்கு வாரண்டி ரெண்டு வருஷம், எனக்குள்ளது அது தாண்டிட்டு, ஓரத்துல ஒரு சின்ன சுருக்கம் தெரியுது, அடுத்தது கட்டாயம் லேசான மாடல்தான் வாங்குவேன்.

பிராவுல பாக்கெட் வச்சுத் தைக்கணும்னு எனக்க கடைக்கு வாறவிய ஒங்களுக்கு பழக்கமான பிராவையே கழுவிக் கொண்டு வாங்க, புதுசு வேண்டாம், கப் முழுசா மூடுற மாதிரி இருந்தா போதும், கம்பி வச்சது மட்டும் கூடாது. மூணு மணிக்கு மேல வாங்க, அப்ப கட்டிங் மாஸ்டர் டீ குடிக்கப் போயிருப்பாரு, நானும் பிள்ளைகளும் மட்டும்தான் இருப்போம். டிசம்பர்ல மட்டும் வராதீங்க.